நியூஸ் வாசிச்சவர் எப்படி துணை ஜனாதிபதி ஆனாரு? நோலி டி காஸ்ட்ரோ கதை

கேள்வி இதுதான்: பிலிப்பைன்ஸ்ல டிவில நியூஸ் வாசிச்சிட்டு இருந்த நோலி டி காஸ்ட்ரோ, ஒரு கட்சிலயும் இல்லாம நேரா செனட்டர் ஆகி, மூணே வருஷத்துல துணை ஜனாதிபதியும் ஆனது எப்படி, அங்கெல்லாம் மூஞ்சி தெரிஞ்சா போதுமா?

பாதி பதில், ஆமா போதும். மீதி பாதிக்கு அந்த நாட்டு செனட் எலக்‌ஷன் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பொறுமையா பாக்கணும், அத விட்டுட்டு கதைய மட்டும் சொன்னா ஏதோ லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கும்.

பிலிப்பைன்ஸ் செனட்ல, அதாவது நாடாளுமன்ற மேல்சபைல, மொத்தம் 24 பேரு. யாருக்கும் தொகுதி கெடையாது, நாடு முழுக்க ஒரே தொகுதி. மூணு வருஷத்துக்கு ஒருதடவ 12 சீட்டுக்கு எலக்‌ஷன் வரும், ஒவ்வொரு வாக்காளரும் 12 பேரு வரைக்கும் ஓட்டு போடலாம், அதிகமா வாங்கின முதல் 12 பேரு உள்ள போயிடுவாங்க. ஏழாயிரத்துக்கு மேல தீவு இருக்கிற நாடு, பேசுற பாஷைகளே நூத்துக்கு மேல, இதுல ஒரு மாகாணத்துல ஒம்போது வருஷம் கவர்னரா இருந்து ரோடு பாலம் எல்லாம் போட்டவர கடல் தாண்டி அடுத்த தீவுல யாருக்கும் தெரியாது. ஆனா தெனமும் சாயங்காலம் வீட்டுக்குள்ள வர்ற நியூஸ்காரர வடக்க லூசோன்ல இருந்து தெக்க மின்டனாவோ வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, நெறைய பேரு இத கவனிக்கிறதில்ல. 2010-ல ஓட்டு எண்ணுற மெஷின் வர்ற வரைக்கும் அங்க ஓட்டுச்சீட்டுல வேட்பாளர் பேரே அச்சடிச்சிருக்காது. வெறும் கோடு தான். செனட்டர்னு போட்டு கீழ வரிசையா காலி கோடு, அதுக்கப்புறம் எம்பி, கவர்னர், மேயர், கவுன்சிலர்னு போய்க்கிட்டே இருக்கும், எல்லாத்தையும் ஞாபகம் வச்சு கையால எழுதணும். சின்ன பள்ளிக்கூட பெஞ்சுல உக்காந்து, பின்னாடி க்யூ நிக்கிறப்போ, கிட்டத்தட்ட முப்பது பேர எழுதணும்னா யோசிச்சுப் பாருங்க. கட்சிக்காரங்க குடுத்த மாதிரிச்சீட்ட பாத்து எழுதுவாங்க, இல்லன்னா மனசுல சட்டுனு வர்ற பேர எழுதுவாங்க. சாயங்காலம் அதே க்ளாஸ்ரூம்ல கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர் ஒவ்வொரு சீட்டா பிரிச்சு ஒவ்வொரு பேரா சத்தமா படிக்க, இன்னொரு டீச்சர் நாலு கோடு போட்டு அஞ்சாவத குறுக்க போட்டு எண்ணுவாங்க. எழுத்துப்பிழை இருந்தாலும் யாருன்னு புரிஞ்சா ஓட்டு செல்லும், மனுவுல சொல்லியிருந்தா கூப்பிடுற பேர எழுதினாலும் செல்லும். டி காஸ்ட்ரோவோட பொறந்தப்போ வச்ச பேரு மானுவெல். அந்த பேர்ல நின்னிருந்தா எத்தன பேரு கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு தெரியாது, நோலின்னா சின்னப்பசங்களுக்குக் கூட தெரியும்.

மூணாவது காரணம் விளம்பரத் தடை. சர்வாதிகாரி மார்கோஸ் போனதுக்கப்புறம் வந்த 1987 தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வேட்பாளருங்க டிவி, ரேடியோ, பேப்பர்ல காசு குடுத்து விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பணக்காரன் மட்டும் ஜெயிக்கக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல தான் போட்டாங்க. ஆனா நடந்தது என்னன்னா, காசு இருக்கிறவனும் டிவில வர முடியாது, ஏற்கனவே டிவில வேல பாக்குறவன் மட்டும் பிரசாரம் ஆரம்பிக்கிற நாள் வரைக்கும் தெனமும் ஓசில வந்துக்கிட்டே இருக்கலாம். பிரசாரம் ஆரம்பிச்சதும் லீவு எடுக்கணும்னு சட்டம் சொல்லுது, தேசிய அளவு பதவிக்கு அந்த பிரசார காலம் 90 நாள். பத்து பதினஞ்சு வருஷம் பாத்த மூஞ்சிய 90 நாள்ல யாரு மறப்பா? இந்த தடை 2001 பிப்ரவரில தான் போச்சு. அதாவது 1992, 1995, 1998 மூணு எலக்‌ஷனும் தடையோட நடந்துச்சு, 1992 செனட் எலக்‌ஷன்ல முதல் இடம் மத்தியான டிவி ஷோ நடத்தின டிட்டோ சோட்டோவுக்கு, 1998-ல முதல் இடம் டிவி நியூஸ்ல இருந்து வந்த லோரன் லெகார்டாவுக்கு. நோலி நின்னது தடை போன கையோட, 2001 மே மாசம். அதுக்குள்ள பாதை நல்லா போட்டாச்சு.

இப்போ நோலிக்கு வர்றேன். ஓரியன்டல் மின்டோரோ மாகாணத்துல போலான்னு ஒரு கடலோர ஊரு, அங்க 1949-ல பொறந்தவரு. மணிலால யுனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட்ல காமர்ஸ் படிச்சாரு, ஜர்னலிசம் இல்ல. எழுபதுகள்ல ரேடியோ ரிப்போர்ட்டரா ஆரம்பிச்சு, அப்புறம் ரேடியோ அறிவிப்பாளர், இப்படியே மெதுவா வந்தவரு. திருப்பம் 1986. 1972-ல ராணுவச் சட்டம் போட்டப்போ மார்கோஸ் லோபஸ் குடும்பத்துக்கிட்ட இருந்து பிடுங்கின ஏபிஎஸ்-சிபிஎன் சேனல், மக்கள் புரட்சிக்கப்புறம் திரும்ப அவங்க கைக்கு வந்துச்சு. பதினாலு வருஷம் கழிச்சு வந்த சேனல், கையில ஒண்ணும் இல்ல, புதுசா ஏதாவது பண்ணியே ஆகணும். 1987 மார்ச் 2-ஆம் தேதி டிவி பட்ரோல்னு சாயங்கால நியூஸ் ஆரம்பிச்சாங்க, வாசிச்சவங்கள்ல நோலியும் ஒருத்தர். அது வரைக்கும் பெரிய நியூஸ் நிகழ்ச்சின்னா பெரும்பாலும் இங்கிலீஷ், கோட்டு சூட்டு, மந்திரி என்ன சொன்னாரு அப்படின்னு போகும். இது ஜனங்க பேசுற தகலோக் பாஷைல, கொலை, தீ விபத்து, வெள்ளம், குடிசை இடிப்பு எல்லாம் முன்னாடி வரும், அரசியல் அப்புறம். இங்கிலீஷ் பேப்பர்காரங்க மஞ்சள் பத்திரிகைன்னு மூக்க சுளிச்சாங்க, ஜனங்க பாத்தாங்க.

அந்த கனத்த குரல் தான் நோலியோட சொத்து. ரேடியோல பழகின குரல், கொஞ்சம் கோவம் கலந்து, கொஞ்சம் வீட்டுப் பெரியவர் மாதிரி அதட்டி பேசுறது. காலைல ஏபிஎஸ்-சிபிஎன்-ஓட டிஇசட்எம்எம் ரேடியோல பேசுவாரு, சாயங்காலம் டிவில நியூஸ், 1988-ல இருந்து வாராவாரம் மகான்டாங் கபி பாயன்னு ஒரு நிகழ்ச்சி. எல்லாரும் அவர கூப்பிடுறது கபாயன்னு, நம்ம ஊர்க்காரர்ங்கிற மாதிரி. அந்த வாராந்திர நிகழ்ச்சிய பத்தி இன்னைக்கும் பிலிப்பினோ நண்பர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, ஊழல் அம்பலப்படுத்தினது எல்லாம் மறந்திருப்பாங்க, நவம்பர் கல்லறைத் திருநாள் சமயத்துல வர்ற பேய்க்கதை ஸ்பெஷல மறந்திருக்க மாட்டாங்க. நோலி குரல்ல பேய்க்கதை கேட்டுட்டு ராத்திரி பாத்ரூம் போக பயந்த தலைமுறை ஒண்ணே இருக்கு. சிரிப்பா இருந்தாலும் இது அரசியல் விஷயம் தான், ஏன்னா 1988-ல எட்டு வயசு பையன் 2001-ல ஓட்டு போடுறான்.

அதோட பப்ளிக் சர்வீஸ்னு அங்க ஒரு பழக்கம் இருக்கு. ரேடியோ ஸ்டேஷனுக்கு ஜனங்க புகாரோட வருவாங்க. வெளிநாட்டுல வேல பாக்குற மகளுக்கு சம்பளம் வரல, போலீஸ் கேஸ் எடுக்கல, ஆஸ்பத்திரில பணம் கட்டாததால ஆள விட மாட்டேங்குறாங்க, இப்படி. அறிவிப்பாளர் நேரலைலயே அந்த ஆபீசருக்கு போன் போட்டு ஏன் பண்ணலன்னு கேப்பாரு, நாடே கேட்டுட்டு இருக்குன்னு ஆபீசரும் சரி சார் இன்னைக்கே பண்றேன்னுவாரு. ஆறு மாசம் நடையா நடந்தும் ஆகாதது ஆறு நிமிஷத்துல ஆகும். இத பாத்துட்டு இருக்கிறவன் மனசுல இந்த ஆளு நியூஸ் படிக்கிறவர்னு பதியாது, காரியம் முடிச்சுக் குடுக்கிறவர்னு தான் பதியும். என்னக் கேட்டா மூஞ்சி தெரியுறதவிட இது தான் பெரிய மூலதனம். சினிமா நடிகருக்கு கெடைக்கிற ஓட்டுக்கும் இவருக்கு கெடைச்ச ஓட்டுக்கும் வித்தியாசம் இங்க தான்.

2001 எலக்‌ஷன் சாதாரண எலக்‌ஷன் இல்ல. ஜனவரில ஜனாதிபதி எஸ்ட்ராடாவ தெருவுல இறங்கி எறக்கிட்டாங்க, துணை ஜனாதிபதியா இருந்த குளோரியா அரோயோ ஜனாதிபதி ஆனாங்க, ஏப்ரல்ல எஸ்ட்ராடா கைது, மே 1-ஆம் தேதி அவரோட ஆதரவாளருங்க, பெரும்பாலும் ஏழை ஜனங்க, மலக்கானாங் ஜனாதிபதி மாளிகைய முற்றுகை போட்டு கலவரம், மே 14 எலக்‌ஷன். நாடு ரெண்டா பிளந்து கெடக்கு. நோலி சுயேச்சையா நின்னாரு, எஸ்ட்ராடா பக்கத்து கூட்டணி அவர விருந்தாளி வேட்பாளரா, அதாவது கட்சில சேராமலே தங்க லிஸ்ட்ல ஒருத்தரா, சேத்துக்கிச்சு. அந்த பக்கத்து ஓட்டும் வந்துச்சு, எந்தப் பக்கமும் இல்லாதவன் ஓட்டும் வந்துச்சு. 1.6 கோடிக்கு மேல ஓட்டு, நாட்டுலயே முதல் இடம். முதல் எலக்‌ஷன்ல.

செனட்ல மூணு வருஷம் என்ன பண்ணாருன்னா, பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. அவர் பேர சொன்னதும் ஞாபகம் வர்ற மாதிரி ஒரு சட்டமோ, நாடு பேசின ஒரு விவாதமோ எனக்கு தெரிஞ்சு இல்ல.

2004-ல தான் கதை சுவாரசியம் ஆகுது. அரோயோ முதல்ல நிக்க மாட்டேன்னு சொன்னாங்க, அப்புறம் மனச மாத்திக்கிட்டாங்க. எதிர்ல சூப்பர்ஸ்டார் நடிகர் ஃபெர்னாண்டோ போ ஜூனியர். அவரோட ஜோடியா துணை ஜனாதிபதிக்கு லோரன் லெகார்டா. அரோயோ கணக்குப் போட்டு பாத்தாங்க, இவங்க பொருளாதாரம் படிச்ச ஆளு, பழைய ஜனாதிபதி மகள், ஆனா ஏழை ஜனங்களுக்கு இவங்க மேல பாசம் இல்ல. பாசம் இருக்கிற ஆளு வேணும். மூணு வருஷம் முன்னாடி எஸ்ட்ராடா கூட்டணி விருந்தாளியா வந்த நோலி, எஸ்ட்ராடா எடத்துல வந்து உக்காந்த அரோயோவுக்கே ஜோடி ஆனாரு. அங்க இது யாருக்கும் ஷாக் இல்ல. கட்சிங்கிறதே எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் கூட்டிப் பிரிக்கிற சமாச்சாரம் தான், அதனால தான் கட்சிக்காக உழைச்சு மேல வர்றதவிட பேரோட வெளிய இருந்து வர்றது லாபம்.

அப்போ துணை ஜனாதிபதி பதவிக்கு மோதின ரெண்டு பேருமே ஏபிஎஸ்-சிபிஎன் நியூஸ்ரூம் ஆளுங்க. லெகார்டா ராத்திரி இங்கிலீஷ் நியூஸ், நோலி சாயங்கால தகலோக் நியூஸ். அங்க ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் தனித்தனியா ஓட்டு, ஒரு கட்சி ஜனாதிபதி இன்னொரு கட்சி துணைன்னு கூட வரலாம். நோலிக்கு சுமார் 1.51 கோடி, லெகார்டாவுக்கு 1.42 கோடி. அரோயோ ஜனாதிபதியா ஜெயிச்சது 1.29 கோடி ஓட்டுல. அதாவது துணைக்கு வந்தவருக்கு தலைவியவிட இருபது லட்சத்துக்கு மேல ஓட்டு அதிகம். லெகார்டா வழக்கு போட்டாங்க, அது 2008 ஜனவரி வரைக்கும் இழுத்து தள்ளுபடி ஆச்சு, நடுவுல 2007-ல அவங்க மறுபடி செனட்டுக்கு நின்னு ஜெயிச்சு பதவி ஏத்ததே வழக்க கைவிட்ட மாதிரின்னு தீர்ப்பாயம் சொன்னது ஒரு காரணம்.

துணை ஜனாதிபதிக்கு அரசியல் சட்டப்படி தனியா வேல ஒண்ணும் கெடையாது, ஜனாதிபதிக்கு ஏதாவது ஆனா எடத்துக்கு வர்றது தான் வேல. ஜனாதிபதி விரும்பினா ஒரு பொறுப்பு குடுக்கலாம். நோலிக்கு வீட்டுவசதி கவுன்சில் தலைமை குடுத்தாங்க, வெளிநாட்டு தொழிலாளர் விஷயத்துல ஆலோசகர் பொறுப்பும் வந்துச்சு. மணிலா பக்கம் ரயில் தண்டவாளத்த ஒட்டி தகரமும் பலகையும் வச்சு கட்டின வீடுங்க, கைய நீட்டினா ரயில தொடலாம்ங்கிற அளவுக்கு பக்கத்துல ஆயிரக்கணக்கான குடும்பம், அவங்கள வேற எடத்துக்கு மாத்துற வேல இவர் கையில. கஷ்டமான வேல, வீடு குடுத்தாலும் பொழப்பு நகரத்துல இருக்கு, புது எடம் தூரம், போனவங்கள்ல சில பேரு திரும்பி வந்துடுவாங்க. பழைய நோலியா இருந்தா இந்த குடும்பங்களோட பக்கம் நின்னு மைக்க நீட்டி அதிகாரிய கேள்வி கேட்டிருப்பாரு, இப்போ அந்த அதிகாரியே இவரு.

இவரு அரசியல்வாதி ஆனாரா இல்லையாங்கிறதுக்கு பதில் 2005 ஜூலைல இருக்கு. அரோயோ தேர்தல் கமிஷன் அதிகாரி ஒருத்தர்கிட்ட ஓட்டு எண்ணிக்கை நடக்கும்போது போன்ல பேசின டேப் வெளிய வந்துடுச்சு. ஜூன் கடைசில அவங்களே டிவில வந்து பேசினது தப்பு தான், மன்னிச்சிடுங்கன்னு சொன்னாங்க. ஜூலை 8-ஆம் தேதி மந்திரிங்களும் பெரிய அதிகாரிங்களுமா பத்து பேரு ஒண்ணா ராஜினாமா பண்ணி நீங்களும் போங்கன்னாங்க, அன்னைக்கே முன்னாள் ஜனாதிபதி கோரி அக்கினோவும் போகச் சொன்னாங்க. அரோயோ போயிருந்தா அடுத்த நிமிஷம் ஜனாதிபதி நோலி டி காஸ்ட்ரோ. நாலு வருஷம் முன்னாடி அதே வழியில தான் அரோயோவே ஜனாதிபதி ஆனாங்க, துணையா இருந்தவங்க அமைச்சரவைய விட்டு வெளிய வந்து எதிரணிய ஒண்ணு சேத்து. நோலி ஒண்ணும் பண்ணல. அரோயோ கூடவே நின்னாரு, அதிகம் வாயே தொறக்கல. விசுவாசம்னு சில பேரு பாராட்டினாங்க. ஆனா மணிலால நடுத்தர வர்க்கம், பிசினஸ் ஆளுங்க எல்லாம் அந்தம்மா போனா இந்த ஆளா வருவாருன்னு தயங்கினதும் அரோயோ தப்பிச்சதுக்கு ஒரு காரணம்னு அப்பவே பேச்சு இருந்துச்சு. ஒன்றரை கோடி ஓட்டு வாங்கினவருக்கு அந்த நேரத்துல பின்னாடி நிக்க ஒரு கட்சி இல்ல, நாலு கவர்னர் இல்ல, செனட்ல சொந்தமா ஒரு கூட்டம் இல்ல. ஓட்டு எல்லாம் அவர் குரலுக்கு விழுந்தது, எலக்‌ஷன் முடிஞ்சதும் அது அப்படியே கரைஞ்சு போச்சு.

லெகார்டாவ பக்கத்துல வச்சுப் பாத்தா இது இன்னும் தெளிவா தெரியும். அவங்களும் டிவில இருந்து தான் வந்தாங்க, ஆனா வந்த எடத்துல வேல கத்துக்கிட்டாங்க. செனட்ல பெரும்பான்மைத் தலைவரா இருந்த முதல் பெண், குப்பை மேலாண்மைச் சட்டம், பருவநிலை மாற்றச் சட்டம்னு பேரு சொல்ற சட்டங்கள், 2007-ல மறுபடி முதல் இடம், ரெண்டு தடவ துணை ஜனாதிபதிக்கு நின்னு ரெண்டு தடவயும் தோல்வி, நடுவுல ஆன்டிக் மாகாணத்து எம்பி, 2022-ல திரும்ப செனட். கட்சி மாறினதுக்கு கணக்கே இல்லன்னு திட்டுறவங்க இருக்காங்க, அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அவங்க முழுநேர அரசியல்வாதி.

நோலி 2010-ல எதுக்கும் நிக்கல. அதுக்கு முந்தின வருஷங்கள்ல ஜனாதிபதி வேட்பாளர் சர்வேல முன்னணில வந்த பேர்கள்ல அவரும் ஒருத்தர், ஆனாலும் நிக்கல. ஜூன் 30-ஆம் தேதி பதவி முடிஞ்சுது, அதே வருஷம் நவம்பர்ல திரும்ப டிவி பட்ரோல் மேசைல உக்காந்துட்டாரு. ஒரு நாட்டோட துணை ஜனாதிபதி, பதவி முடிஞ்ச அஞ்சாவது மாசம் சாயங்கால நியூஸ் வாசிக்கிறாரு. பக்கத்துல டெட் ஃபெய்லோன், அவரும் லெய்டே மாகாணத்துல 2001-ல எம்பி ஆகி ஒரே தவணைல போதும்னு திரும்பி வந்தவரு தான். ஆட்சில ஆறு வருஷம் உள்ள இருந்தவரு எப்படி ஆட்சிய கேள்வி கேட்டு நியூஸ் வாசிக்கலாம்னு அங்க யாரும் பெருசா சண்ட போடாதது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம் தான். 2021 அக்டோபர்ல மறுபடி செனட்டுக்கு மனு போட்டாரு, இந்த தடவ அப்போ மணிலா மேயரா இருந்த இஸ்கோ மொரேனோவோட கட்சி சார்பா, அஞ்சே நாள்ல வாபஸ் வாங்கிட்டு நியூஸுக்கே போயிட்டாரு.

இதெல்லாம் தலைநகர் கதைன்னும் ஞாபகம் வச்சுக்கணும். மாகாணத்துல ரேடியோ பேச்சாளர் நிலைமை வேற. அங்க நெறைய பேரு ஸ்டேஷன்ல சம்பள ஆளு கெடையாது, ஒரு மணி நேரத்த காசு குடுத்து வாங்கி, விளம்பரம் பிடிச்சு ஓட்டுறவங்க, அந்த காசு பல நேரம் உள்ளூர் அரசியல்வாதிகிட்ட இருந்து வரும், அவரு எதிரிய திட்டினா எதிரி ஆள் வச்சு சுடுவான். 2009 நவம்பர்ல மகிந்தனாவ் மாகாணத்துல கவர்னர் பதவிக்கு ஒருத்தருக்காக மனு தாக்கல் பண்ணப் போன கான்வாய வழிமறிச்சு 58 பேர கொன்னாங்க, அதுல 32 பேரு மீடியாக்காரங்க.

கடைசியா, இப்பவும் இந்த ரூட்டு ஓடுதான்னா, ஓடுது, ஆனா நியூஸ் வாசிக்கிறவங்களுக்கு இல்ல. 2019-ல ஜிக்கி மனிகாட், நல்ல பேர் எடுத்த டிவி ரிப்போர்ட்டர், செனட்டுக்கு நின்னு தோத்துட்டாரு. ஓட்டுச்சீட்டுலயும் இப்போ பேரு அச்சடிச்சு வருது, வட்டத்த கறுப்பாக்கினா போதும், ஞாபகத்துக்கு இருந்த அந்த பழைய மவுசு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஜெயிக்கிறது புகார் கேக்குற ஷோ தான். ராஃபி துல்ஃபோ ரேடியோல ஆரம்பிச்ச அந்த பஞ்சாயத்த யூடியூபுக்கு கொண்டு போனாரு, ஒரு பக்கம் அழுதுட்டே புகார் சொல்ற பொண்டாட்டி, போன்ல புருஷன், இன்னொரு லைன்ல புருஷனோட மேலதிகாரி, நடுவுல தீர்ப்பு சொல்ற இவரு. ரெண்டு பக்கமும் விசாரிக்காம ஆள அவமானப்படுத்துறாங்கன்னு வக்கீலுங்க கத்தினாங்க, 2022-ல 2.3 கோடி ஓட்டோட மூணாவது இடத்துல செனட்டுக்குப் போனாரு. 2025-ல தம்பி எர்வினும் நாலாவது இடத்துல ஜெயிச்சுட்டாரு. அதே எலக்‌ஷன்ல இன்னொரு சகோதரர் பென்னும் நின்னாரு, அவருக்கு மட்டும் கெடைக்கல.